வடபாதையில் ஒரு கலைஞன்: லகி சேனாநாயக்கவின் அதிகம் அறியப்படாத ஆக்கங்கள்

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஈழத்துக் கலை வரலாற்றின் ஒரு குறுக்குவெட்டு முகம் எனக் கூறினால் அது மிகையாகாது. நகரின் முகப்பில் முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் எழுந்து நிற்கின்றது. அங்கிருந்து சுமார் 3 கிலோமீற்றர் தொலைவில், திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் பௌத்த மரபு போற்றும் அளுவிகாரை அமைந்துள்ளது. அதனைக் கடந்தால் பலாபத்வல. அதற்கு அப்பால் நாலந்தா. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில் பல்லவர் காலக் கட்டடக் கலையின் சாயலைத் தாங்கியது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டுக் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டப்பெற்றது. பின்னர் நாவுல; அதன்பின் குகை ஓவியங்களுக்குப் பேர்போன தம்புள்ளை.

இப்பாதைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கோப்பிப் பெருந்தோட்டக் காலத்திலே தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடுகளினூடாக நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்த வடபாதை இதுவே. நோயினாலும் பசியினாலும் வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்வெட்டும் தாங்கி நிற்கவில்லை. பெயர் பொறிக்கப்படாத உழைப்பு என்னும் இவ்விடயம் இக்கட்டுரையின் பொருளோடு தொடர்புடையது. ஆதலின் அதனைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுதல் பொருத்தமாகும்.

இதே பாதையில், பலாபத்வலைக்குத் தெற்கே அளுவிகாரையிலும், வடக்கே தம்புள்ளையை அடுத்த தியபுபுல என்னும் இடத்திலும், நம் காலத்துக் கலைஞர் இருவர் வாழ்ந்து மறைந்தனர். ஒருவர் பற்றிக் கலையை இந்நாட்டில் உயர்நிலைக்குக் கொணர்ந்த ஈனா டி சில்வா (1922-2015). மற்றவர் ஓவியரும் சிற்பியுமாகிய லகி சேனாநாயக்க (1937-2021). பின்னவருடைய ஆக்கங்களுள் அதிகம் பேசப்படாதவற்றை எடுத்து நோக்குவதும், அவை பேசப்படாமைக்கான காரணங்களை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகழின் நிழல்

ஒரு கலைஞன் பெரும் புகழ் பெறுமிடத்து, அப்புகழே அவனுடைய பிற ஆக்கங்களை மறைக்கும் திரையாகிவிடுவதுண்டு. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமா. 1929இல் மாத்சுமோத்தோ நகரிற் பிறந்த இவ்வம்மையாரைப் புள்ளிகளாலும் பூசணிக்காய் உருவங்களாலும் கண்ணாடி அறைகளாலும் உலகம் அறியும். ஆனால் அவர் இளமையில் கியோத்தோவிலே ஜப்பானிய மரபோவியம் பயின்றவர் என்பதையும், 1973இல் நியூயோர்க்கிலிருந்து தாயகம் திரும்பிய பின்னர் நாவல்களும் கவிதைகளும் எழுதியவர் என்பதையும், 1983இல் தம் புனைகதைக்காக ஜப்பானிய இலக்கியப் பரிசொன்றைப் பெற்றவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. புள்ளிகளை மட்டும் கண்டவன் குசாமாவை முழுமையாகக் கண்டவனாகான்.

நமது நாட்டிலும் இந்நிலையே. ஜோர்ஜ் கீற்றை ஓவியராக அறிந்தோர், அவர் ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதையும் தாமே கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவர் என்பதையும் பெரும்பாலும் நினைவு கூர்வதில்லை. லகி சேனாநாயக்கவின் நிலை இதனினும் சிக்கலானது. கீற்றின் கவிதை கீற்றின் பெயராலேயே வெளிவந்தது. லகியின் ஆக்கங்களுட் பல அவருடைய பெயரின்றியே உலவின.

அறியப்பட்டவை

முதலில் அறியப்பட்டவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919-2003) வடிவமைத்த கட்டடங்களிலே லகி அமைத்த சிற்பங்கள் பெரும் புகழ் பெற்றவை. 1982இல் திறந்துவைக்கப்பட்ட கோட்டைப் பாராளுமன்ற மண்டபத்திலே தொங்கும், பனையோலைகளை நினைவூட்டும் வெள்ளி நிறச் சரவிளக்கு அவருடையது. 1994இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியின் மாடிப்படிகளுக்கு மேலே சிறகு விரித்து நிற்கும் பேராந்தை அவருடையது. 1990களின் பிற்பகுதியிற் காலியில் எழுந்த விடுதியொன்றின் சுழற்படிக்கட்டிலே, 1630இல் நிகழ்ந்த ரந்தெனிவெலப் போரைச் சித்திரிக்கும் போர்த்துக்கேய, சிங்களப் படைவீரரின் உலோக உருவங்களும் அவருடையவையே.

இவை யாவும் பெரியவை. பார்த்த மாத்திரத்திற் கண்ணை ஈர்ப்பவை. வெளிநாட்டுச் சஞ்சிகைகளின் வண்ணப்படங்களுக்கு ஏற்றவை. லகி என்றால் ஆந்தை என்னும் எண்ணம் இவ்வாறே வேரூன்றியது. இவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு கலைஞனுடைய கண் எவ்வாறு பயிற்சி பெற்றது, அவனுடைய கை எதனை நெடுங்காலம் பழகியது என அறிய வேண்டுமாயின், சிறியவையும் அடக்கமானவையுமாகிய ஆக்கங்களிடமே நாம் செல்லவேண்டும்.

மரங்களை வரைந்த கை

அவற்றுள் முதலாவதாகக் கூறத்தக்கவை கட்டட வரைபடங்கள். லகி இளமையிலேயே பாவா பணியாற்றிய எட்வேர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் நிறுவனத்திலே வரைவாளராகச் சேர்ந்தார். கட்டட வரைபடம் என்பது பொதுவாக அளவுகளின் தொகுப்பு. சுவர் எங்கே, கதவு எங்கே எனக் கொத்தனுக்கும் தச்சனுக்கும் அறிவிக்கும் ஓர் ஆவணம். அதில் மரம் ஒரு வட்டமாகவோ புள்ளிக் கூட்டமாகவோ குறிக்கப்படுவதே வழக்கம். லகியும், அவருடன் பணியாற்றிய இஸ்மத் ரஹீமும் இவ்வழக்கத்தை மாற்றினர். அவர்கள் வரைந்த படங்களிலே ஒவ்வொரு மரமும் தனித்தன்மையுடையது. கிளை பிரியும் விதம், இலைச் செறிவு, வேரின் பரவல் ஆகியவற்றைக் கொண்டே இது இன்ன மரம் என இனங்காணலாம்.

இதனை வெறும் அழகுபடுத்தல் எனக் கொள்ளலாகாது. பாவாவின் கட்டடக் கலையின் உயிர்நிலை, கட்டடமும் நிலமும் ஒன்றினுள் ஒன்று ஊடுருவி நிற்பதாகும். அங்கு முற்றத்தில் நிற்கும் மரம் சுவருக்கு நிகரான கட்டட உறுப்பு. மரம் துல்லியமாக வரையப்பட்டாலன்றி அதனைச் சூழ அமையும் கட்டடத்தைத் துல்லியமாகச் சிந்திக்க முடியாது. ஆகவே அவ்வரைபடங்கள் ஏற்கெனவே முடிவான ஓர் எண்ணத்தை விளக்குவன மட்டுமல்ல. எண்ணம் உருவாவதற்கே துணை நின்ற கருவிகளுமாம். பாவாவின் புகழ் உலகெங்கும் பரவியதில் இவ்வரைபடங்களுக்குப் பெரும் பங்குண்டு. எனினும் அவற்றைக் காண்போர் பாவாவின் வரைபடம் என்றே கூறுவர். வரைந்த கையைக் கேட்பவர் அரியர்.

இதனோடு சேர்த்து நோக்கற்பாலது பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்த பணி. டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னர், ஓவியர் பார்பரா சன்சோனி, இஸ்மத் ரஹீம் ஆகியோரோடு லகியும் 1960களிலே நாட்டின் பல பாகங்களுக்கும் சென்று, அழிந்துகொண்டிருந்த பழைய வீடுகள், விகாரைகள், அம்பலங்கள் முதலியவற்றை அளந்து வரைந்தனர். இம்முயற்சியின் பயனை 1998இல் ரொனால்ட் லூகொக், பார்பரா சன்சோனி, லகி சேனாநாயக்க ஆகிய மூவரின் பெயரில் வெளிவந்த இலங்கைக் கட்டட மரபு பற்றிய பெருநூலிற் காணலாம். ஒரு நாடு தன் கடந்தகாலத்தை இழக்கும் வேளையில், பென்சிலும் அளவுநாடாவும் கொண்டு அதனைக் காப்பாற்ற முயன்ற செயல் இது. வரலாற்று மாணவர் லகியை நன்றியோடு நினைவு கூர்தற்கு இது ஒன்றே போதுமானது.

மெழுகும் சாயமும்

இரண்டாவது, துணியில் அமைந்த ஆக்கங்கள். 1960களின் தொடக்கத்திலே ஈனா டி சில்வா கொழும்பிலே பற்றிக் பட்டறையொன்றை ஆரம்பித்தபோது, அதன் வடிவமைப்புகளில் லகி பங்குகொண்டார். பற்றிக் ஜாவாவிற் செழித்த கலை. துணியில் நிறமேறக் கூடாத இடங்களை உருகிய மெழுகினால் மூடி, பின் அதனைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு பூசிய இடம் பழைய நிறத்திலேயே நிற்க, ஏனைய இடம் புதிய நிறம் பெறும். இவ்வாறு மென்னிறத்தில் தொடங்கிக் கடுநிறம் வரை மீண்டும் மீண்டும் மெழுகிட்டுச் சாயமிட்டு, இறுதியிற் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றுவர். ஓவியன் வண்ணத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறான். பற்றிக் கலைஞனோ எதை மறைப்பது என்பதை முதலில் முடிவு செய்கிறான். பின்னோக்கிச் சிந்திக்கும் பயிற்சி இது. தவறினால் துணியை மீட்க வழியில்லை.

இத்தகைய ஒழுங்கு லகியின் கோட்டிற்கு ஓர் உறுதியை அளித்தது எனக் கருத இடமுண்டு. தயங்காத கோடு, பெரிய வடிவம், நிறங்களுக்கிடையே தெளிவான எல்லை ஆகிய பண்புகள் அவருடைய பிற்கால உலோகச் சிற்பங்களிலும் தெரிகின்றன. தகட்டை வெட்டி வளைத்து அமைத்த அவ்வுருவங்கள், துணியிற் பழகிய கோடுகள் வெளியிற் பரந்து நிற்பன போலத் தோன்றுகின்றன.

1960களின் இறுதியில் எழுந்த பென்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு மண்டபத்து மேற்கூரையை அணிசெய்த பற்றிக் துணிகள் ஈனாவின் பட்டறைப் புகழை நாட்டிற்கு உணர்த்தின. 1970இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே, பாவா வடிவமைத்த இலங்கை மண்டபத்தில், அரசமரத்தைப் பொருளாகக் கொண்ட லகியின் உலோகச் சிற்பம் இடம்பெற்றது. கண்காட்சி முடிந்ததும் மண்டபங்கள் கலைக்கப்படுதல் இயல்பு. இவ்வாறு நிலையற்ற தன்மையும் லகியின் பல ஆக்கங்களின் பொதுவிதியாயிற்று. துணி மங்கும்; மண்டபம் கலையும்; விடுதி புதுப்பிக்கப்படும்.

ஈனா 1980களிலே தம் பூர்வீக ஊராகிய அளுவிகாரைக்குத் திரும்பி, அங்கே ஊர்ப் பெண்களையும் இளைஞரையும் கொண்டு தையல், பற்றிக், பித்தளை வார்ப்பு, தச்சுவேலை ஆகியன நடைபெறும் மரபுரிமை மையமொன்றை வளர்த்தார். கொழும்பு மேற்குடியின் வரவேற்பறையிற் பிறந்த ஒரு கலை, மாத்தளைக் கிராமத்துப் பெண்களுக்கு வாழ்வாதாரமாக மாறிய வரலாறு தனியே ஆராய்தற்குரியது.

சட்டைப்பையில் ஓர் ஓவியம்

மூன்றாவது ஆக்கம் யாவற்றினும் வியப்பிற்குரியது. லகி சேனாநாயக்கவின் ஓவியங்களை ஒருகாலத்தில் இந்நாட்டவர் அனைவரும் கையிலெடுத்தனர். சந்தையில் மீன் வாங்கியவரும், பேருந்து நடத்துநரும், தேயிலைத் தோட்டத்திற் சம்பளம் பெற்ற பெண்ணும் அவற்றை மடித்தும் கசக்கியும் முந்தானையில் முடிந்தும் வைத்தனர். 1979 மார்ச் 26ஆம் திகதியிட்டு மத்திய வங்கி வெளியிட்ட 2, 5, 10, 20, 50, 100 ரூபா நாணயத்தாள்களை வடிவமைத்தவர் அவரே.

அதற்கு முற்பட்ட தாள்களை மன்னர் பராக்கிரமபாகுவின் உருவமும் பிரதமர் பண்டாரநாயக்கவின் உருவமும் அலங்கரித்தன. 1979ஆம் ஆண்டு வரிசையில் மனித உருவமே முதன்மை பெறவில்லை. மாறாக மீனும் வண்ணத்துப்பூச்சியும், பல்லியினமும் பறவையும், குரங்கும் பாம்பும், கொடியும் மலரும் அவற்றை நிறைத்தன. பின்புறங்களை நெடுக்குவாட்டில் அமைத்தமையும் ஒரு புதுமையே. மரம் மேல்நோக்கி வளர்வது; அதனை வரைய நிமிர்ந்த தாள் வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

இங்கு நாம் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். நாணயத்தாள் என்பது அரசு தன்னைத் தானே எவ்வாறு காண்கின்றது என்பதை மக்களுக்கு நாள்தோறும் அறிவிக்கும் ஒரு பத்திரம். மன்னன், தலைவன், கொடி, நினைவுச்சின்னம் ஆகியன அதன் வழமையான மொழி. அவற்றுள் எதனைத் தேர்ந்தாலும், இது எங்களுடையது எனச் சிலரும், இது எங்களுடையதன்று எனச் சிலரும் எண்ணுவர். 1977இன் வன்செயல்கள் மலையகத் தமிழர் பலரை அகதிகளாக்கியிருந்தன. 1979 ஜூலையிலே பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1983 தொலைவில் இல்லை. இத்தகைய காலகட்டத்திலே, எவருக்கும் தனியுரிமை இல்லாததும், எவரையும் விலக்காததுமான ஒரு தேசத்தை அத்தாள்கள் சித்திரித்தன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தொகை எழுதப்பட்டிருக்க, அவற்றின் நடுவே ஒரு பறவை அமர்ந்திருந்தது.

இதனை அரசியல் நோக்கோடு செய்தார் என நாம் வலிந்து கூற வேண்டியதில்லை. அவர் இயற்கையை நேசித்தமையால் இயற்கையை வரைந்தார் என்பதே நேரிய விளக்கம். ஆயினும் ஒரு படைப்பின் பொருள் படைத்தவனின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1980களில் வந்த அடுத்த வரிசை வரலாற்றுச் சின்னங்களிடம் மீண்டும் திரும்பியது. விலங்குகள் மீண்டும் காட்டிற்குச் சென்றுவிட்டன எனலாம். நாட்டின் பிற்கால வரலாற்றை அறிந்தவர்க்கு, அந்தச் சிறிய இடைவேளை பொருள் பொதிந்ததாகவே தோன்றும்.

நட்டு வளர்த்த ஆக்கம்

நான்காவது ஆக்கம் ஓவியமுமன்று, சிற்பமுமன்று. அது ஒரு நிலம். தியபுபுல என்னும் சிங்களப் பெயர் நீர் குமிழியிட்டு ஊறும் இடத்தைக் குறிப்பது. தம்புள்ளையை அடுத்த உலர்வலயத்து நிலமொன்றிலே அவர் மரங்களை நட்டு, ஊற்றுநீரைக் குளங்களாகத் தேக்கி, நீரின் மேலே சுவர்களற்ற திறந்த இல்லமொன்றை அமைத்து, பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். பாவாவின் வரைபடங்களுக்காக மரங்களைக் கோட்டினால் வரைந்தவர், இங்கு மரங்களைக் கொண்டே வரைந்தார். சிற்பங்கள் புதர்களினிடையே மறைந்து நின்றன. வனம் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தது.

காலத்தை மூலப்பொருளாகக் கொண்ட ஆக்கம் இது. இதனை எந்தக் கலைக்கூடத்திற்கும் எடுத்துச் செல்ல முடியாது. விலை பேசவும் அரிது. ஆகையாற் கலை விமர்சனத்தின் கண்ணிற்கு இது ஒரு ஓவியரின் வீட்டுத் தோட்டமாகவே படுகின்றது. உண்மையில் அவருடைய ஏனைய ஆக்கங்கள் அனைத்திற்கும் ஊற்று இங்கேதான் இருந்தது.

பெயரின்மை குறித்து

இவ்வாக்கங்கள் உரிய கவனம் பெறாமைக்குக் காரணம் யாது? கையெழுத்திட்டு, சட்டமிட்டு, சுவரில் மாட்டப்படுவதே கலை. பயன்பாட்டிற்குரியது கைவினை என்னும் பாகுபாடு நம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதே முதற்காரணம். இப்பாகுபாடு நமது மரபிற்கு உரியதன்று. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞரின் தொழில்களையே கலை வரலாறாக எழுதினார். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட என்னும் ஊரிலே, அரக்கை இழையாக இழுத்து நகத்தினால் வெட்டிப் பதித்து அலங்கரிக்கும் கலைஞர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். அவர்கள் எந்தப் பிரம்பின் மீதும் பேழையின் மீதும் தம் பெயரைப் பொறித்தாரல்லர்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. லகி தாமே விரும்பிப் பெயரின்மையை ஏற்றவர். விரும்பிய இடத்தில் அவருக்குப் பெயர் கிடைத்தது. பாவாவைச் சூழ்ந்த வட்டம் ஆங்கிலக் கல்வியும் வசதியும் செல்வாக்கும் வாய்ந்தது. விடுதிகளும் அரசுமே அதன் புரவலர். பற்றிக் துணியில் மெழுகிட்ட பெண்ணுக்கோ, தகட்டை வெட்டிய உலோகத் தொழிலாளிக்கோ அத்தகைய தெரிவு இருக்கவில்லை. அறியப்படாத ஆக்கங்களைத் தேடும் நாம், அறியப்பட்ட கலைஞனோடு நின்றுவிடாமல் அவனோடு உழைத்த கைகளையும் தேடவேண்டும். இல்லையேல் ஒரு பெயரை இன்னும் சிறிது பெரிதாக எழுதியதே நமது பயனாகும்.

இரண்டாவது காரணம் நம்மைச் சார்ந்தது. தமிழில் ஈழத்து நவீன ஓவியம், சிற்பம், கட்டடம் பற்றிய எழுத்து இலக்கிய விமர்சனத்தோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. சிங்களக் கலைஞர் பற்றிய தமிழ் எழுத்து அதனினும் அரிது. ஒரே நாணயத்தாளைக் கையில் வைத்திருந்த இரு சமூகங்கள், அதனை வரைந்தவனை ஒன்றாக அறிந்திருக்கவில்லை. நாலந்தாக் கற்கோயிலிலே பல்லவச் சாயலை நாம் பெருமையோடு சுட்டுகின்றோம். அதே பாதையில் நம் காலத்தில் வாழ்ந்த கலைஞனுடைய தோட்டத்தைக் கடந்து பேருந்தில் உறங்கிச் செல்கின்றோம்.

முடிவுரை

பெரும் சிற்பங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். அவற்றிற்கு விடுதிகளும் பாராளுமன்றமும் காவலாக உள்ளன. ஆனால் வரைபடத் தாள் பழுப்பேறும். பற்றிக் துணியைக் கரையான் அரிக்கும். நாணயத்தாள் சேகரிப்போரின் பெட்டியில் மட்டும் எஞ்சும். பட்டறையில் உழைத்த முதியோரின் நினைவு அவர்களோடு மறையும். 2015இல் ஈனாவும் 2021இல் லகியும் மறைந்துவிட்ட நிலையில், இவற்றைத் தொகுத்துப் பதிவு செய்யும் பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. வரலாறு, நுண்கலை, தமிழ் ஆகிய துறைகளைச் சார்ந்த மாணவர் இதனை மேற்கொள்ளின், அது மலையகத்தின் சமூக வரலாற்றிற்கும் பயனளிக்கும்.

வடபாதையில் நடந்து மாண்டவர்களின் பெயர்களை நாம் இனிக் கண்டறிய முடியாது. ஆனால் அதே பாதையோரத்தில் நேற்றுவரை மெழுகுருக்கி, மரம் நட்டு, கோடு வரைந்தவர்களின் பெயர்களைக் கேட்டறிதல் இன்றும் இயலும். அடுத்தமுறை மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் நம் மாணவர் ஒருவர், குறிப்பேடொன்றோடு பலாபத்வலையில் இறங்கி அளுவிகாரைப் பக்கம் சிறிது தூரம் பின்னோக்கி நடப்பாராயின், அவ்வேலை தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம்.